ராத்தா, உங்கள் தலை என் மகளுக்கு வேண்டாம் என்றேன்

என் செல்ல ராத்தாவுக்கு,

உங்கள் தங்கச்சியின் ஸலாம். நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். கூடவே ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றம் எங்கேயும் ஓடிவிடாது, செய்தியை முதலில் கேளுங்கள்.

நாட்டுச் சண்டை முடிந்துவிட்டது. ஓம், உண்மையாகவே முடிந்துவிட்டது. கடல் உங்களைக் கொண்டுபோன பிறகு, சாய்ந்தமருதிலேயே கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி வீடு கட்டினோம். நான் கலியாணம் முடித்தேன். நௌஷாத் கல்முனையில் கைத்தொலைபேசி திருத்துகிறவர், தங்கமான மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் கூட. நம் ஊர் வழமைப்படி மாப்பிள்ளைதான் நம் வீட்டுக்கு வந்தார், ஆகவே வாப்பா என்னோடு இருக்கிறார். உம்மாதான் உங்களுக்கு முன்பே போய்விட்டாவே, இதையெல்லாம் பார்க்க அவவுக்கும் கொடுத்துவைக்கவில்லை. எல்லாவற்றிலும் பெரிய செய்தி, எனக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள்.

ஏழாம் நாள் முடி இறக்கினோம். ஒஸ்தா வந்து வழித்து முடித்ததும் பிள்ளையின் தலை தெரிந்தது. முன்னும் பின்னும் நீண்டு, இரண்டு பக்கமும் ஒடுங்கி, உச்சியில் நெடுக ஒரு வரம்பு ஓடியது. அச்சு அசலாக உங்கள் தலை, ராத்தா.

சுனாமியில் உங்கள் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கலியாண அல்பம், பள்ளிக்கூடப் படங்கள், எல்லாம் போயிற்று. அன்றிலிருந்து வாப்பா உங்கள் பெயரைச் சொன்னதே இல்லை. அந்த மனிதர் பிள்ளையைக் கையில் வாங்கி, நெற்றியிலிருந்து பிடரி வரை தடவிப் பார்த்து, "இது எண்ட மூத்த புள்ளட தலை," என்றார். வீடே அழுதது, எல்லாம் சந்தோச அழுகை. பெயரும் உங்கள் பெயரையே வைத்தோம். பஸீலா.

பிறகுதான் கிளினிக்கில் நிறுவை. பாண்டிருப்பிலிருந்து வருகிற மிட்வைஃப் அக்கா பிள்ளையின் தலையை அளந்தா, உச்சியில் விரலை ஓட்டினா, மறுபடியும் ஓட்டினா. "எங்கட ராத்தாட சாயல்," என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"சாயல் எண்டு சும்மா விடாதீங்க பிள்ளை," என்றா. "மண்டையோட்டுல மூட்டு முந்தியே ஒட்டியிருக்குப் போல. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்க."

ஒரு டொக்டர் இன்னொருவரிடம் அனுப்ப, அவர் கொழும்புக்கு அனுப்பினார். போய்ச் சேரும்போது பிள்ளைக்கு இரண்டு மாதம். கொழும்பு டொக்டர் ஒரு தாளில் தலையைக் கீறிக் காட்டினார். குழந்தையின் மண்டையோடு பல துண்டாக இருக்கிறதாம். மூளை வளர வளர அவை விலகி இடம் கொடுக்க வேண்டுமாம். இவளுக்கு உச்சி மூட்டு நேரத்தோடு மூடிக்கொண்டதால் தலை நீளவாக்கில் மட்டும் வளர்கிறது. அப்படியே விட்டால் சிலருக்கு உள்ளே நெருக்கமும் வரலாம் என்றார்.

"நாங்க தலையை உருண்டையாச் செய்யப்போறதில்ல," என்றார். "ரெண்டு சின்ன வெட்டு. கமெரா வைச்ச ஒரு குழாயை விட்டு, ஒட்டின எலும்பை ஒரு கீலமா எடுக்கிறம். மிச்ச வேலையைப் பிள்ளைட மூளையே வளர்ந்து செய்யும். ஆனா பிள்ளைக்கு மூணு, நாலு மாசம் ஆகிறதுக்குள்ள செய்யணும். பிந்தினா இந்தக் காது தொடங்கி அந்தக் காது வரைக்கும் திறக்கிற பெரிய ஒப்பரேஷன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வாப்பா பிள்ளையை என் கையில் கூடத் தரவில்லை.

"கடல் எண்ட மகளையும் கொண்டு போச்சி, அவட படத்தையும் கொண்டு போச்சி. மிச்சம் இரிக்கிறது இந்தத் தலைதான். அதையும் வெட்டப் போறீங்களா? பஸீலா இந்தத் தலையோட கணக்கு டீச்சரா இருக்கல்லியா?"

அது உண்மைதான். நீங்கள் டீச்சராகத்தான் இருந்தீர்கள். நௌஷாத் கதைத்துப் பார்த்தார், பள்ளிவாசல் மௌலவியும் வந்து கதைத்தார். வாப்பா அசையவில்லை. அவரை உதறிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கிழமை போய்விட்டது. ஒவ்வொரு நாளும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் இருந்தது. அது உங்களுடையது. உங்கள் கலியாணத்தன்று காலையில், தலை அகலமாகத் தெரிய இரண்டு பக்கமும் சவரி வைத்துக் கட்டச் சொன்னீர்களே. அப்போது கண்ணாடியைப் பார்த்து நீங்கள் சொன்னதையும், வாப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியதையும் நான் மறக்கவில்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்து, வாப்பா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் உங்களைப் 'பப்பாசி' என்று கூப்பிட்டதைச் சொன்னேன். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் அழுததைச் சொன்னேன். கடைசியாக, 'எனக்கொரு பொம்புளப் புள்ள பொறந்தா அல்லாஹ் இந்தத் தலைய மட்டும் குடுக்கப்படா' என்று நீங்கள் சொன்னதையும் சொல்லிவிட்டேன். வாக்கு மீறிவிட்டேன், ராத்தா. மன்னிப்பீர்களா?

வாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?" என்றார்.

"நீங்க அந்தத் தலைய மகாராணிட தலை எண்டு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டீங்க வாப்பா. அதக் கெடுக்க அவக்கு விருப்பமில்ல."

அவர் பிள்ளையின் தலையில் இருந்து கையை எடுத்தார். பிறகு பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, "கொழும்பு பஸ் எத்தின மணிக்கு?" என்று கேட்டார்.

ஒப்பரேஷன் நாங்கள் பயந்ததில் பாதி நேரம்கூட எடுக்கவில்லை. வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி நடந்த நடையில் கல்முனைக்கே திரும்பி வந்திருக்கலாம். பிள்ளை வெளியே வந்தபோது தலையில் இரண்டு சின்னக் கட்டு, அவ்வளவுதான். கண் விழித்ததும் பால் கேட்டுக் கத்தினாள். அந்தச் சத்தத்தை விட இனிமையான ஒன்றை நான் கேட்டதே இல்லை.

அதன் பிறகு ஹெல்மெட். வளரும் தலைக்கு வழி காட்டுவதற்காம். குளிப்பாட்டும் ஒரு மணித்தியாலம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும். ரோஸ் நிறம். ஊரே கேலி செய்தது. "ஏன்கா, புள்ளைக்கும் லைசன் எடுத்தித்தீங்களா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மோட்டார் சைக்கிளில் போனபோது சோதனைச் சாவடியில் ஆமிக்காரர், "ஹெல்மட் கழட்டு," என்றார். நௌஷாத் கழற்றினார். ஆமிக்காரர் பிள்ளையைக் காட்டி, "அது?" என்றார். "அதுக்கு டொக்டர்ட பர்மிஷன் வேணும் சேர்," என்றார் நௌஷாத். நான் பயத்தில் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். ஆமிக்காரரோ சிரித்துவிட்டு, உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் தூரத்திலேயே கை காட்டினார்கள்.

போன மாதம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டோம். இனி வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாப்பா இரண்டு கையாலும் அந்த உருண்டைத் தலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்களைத் தேடுகிறாரோ? வருந்துகிறாரோ?

"அது அவட தலை," என்றார். "இது இவட தலை."

முன்பு உங்களை நினைத்தால் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுச் சும்மா இருப்பார். இப்போது காட்டுவதற்கு ஒன்றுமில்லாததால் கதைக்கத் தொடங்கியிருக்கிறார். நீங்கள் வாய்ப்பாடு சொன்னது, கோழிக்குப் பயந்து ஓடியது, எல்லாம் சின்னப் பஸீலாவுக்குத் தெரியும். விளங்காவிட்டாலும் கைதட்டிச் சிரிக்கிறாள்.

ராத்தா, ஒரு வாக்கை மீறியவள் இன்னொன்று தருகிறேன். இதை மீற மாட்டேன். என் மகளைப் பார்த்து நான் எவ்வளவு பூரித்தாலும், அவளுக்கு ஒன்று வலித்தால் அந்தப் பூரிப்புக்காக அவள் அதை விழுங்க வேண்டி வராது. முதலில் என்னிடம் வந்து அழட்டும்.

உங்கள் இரகசியத்தைக் காக்கத் தெரியாத,
உங்கள் பெயரைத் தினமும் நூறு தரம் கூப்பிடுகிற
தங்கச்சி