நாத்தனாரை மன்னித்த ராணி

என்னங்க, நான் நலம். உங்கள் இருமல் தேவலையா?

நேற்று மகள் வேலைக்குப் போனதும், பேத்தியைப் பொம்மைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். ராணியை அவள் நாத்தனார் மந்திரத்தால் பறவையாக்கிவிடுகிறாள். ஒவ்வொரு இறகும் நிஜம் போலவே இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் ஒரே பாட்டில் ராணி அவளை மன்னித்துவிடுகிறாள். அத்தனை கொடுமையும் எங்கே போயிற்று? “நம்பாதேடி, திரும்பவும் செய்வா!” என்று கத்திவிட்டேன்.

“பாட்டி, உட்காரு! மானம் போகுது” என்றாள் பேத்தி.

உட்கார்ந்தால், நாத்தனார் அழ அழ எனக்கும் கண்ணீர் வருகிறது. ஏனென்று இன்னும் புரியவில்லை.

நம் கல்யாணத்தில் உங்கள் தங்கை என் அம்மாவைப் பந்தியிலிருந்து எழுப்பியதை நான் மறக்கவில்லை.

எனக்கு மூட்டுவலித் தைலம் அனுப்புங்கள். உங்கள் தங்கைக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பால் பொங்குகிறது, முடிக்கிறேன். நான் சொன்னதாக மட்டும் அவளிடம் மூச்சு விடாதீர்கள்.