காற்று-1 ஏற்கெனவே இணைப்பில் உள்ளது

நாள் 212, 08:10
நிலவின் தென்முனை நிலையம். எழுதுபவள் பொற்கொடி, காற்று இயந்திரப் பொறுப்பாளர். வெளியே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து கணினிக்கு வரும் சீரியல் வயர் கருகிப்போனதால், போன மாதம் வெளியே போய் அதில் புளூடூத் அடாப்டர் மாட்டினேன். பெயர் ‘காற்று-1’. ஒரு நேரத்தில் ஒரே கணினியோடுதான் பேசும். திரும்பும்போது, இருந்த ஒரே விண்வெளி உடை கிழிந்தது. இனி யாரும் வெளியே போக முடியாது. என் பழைய கணினியில் விசைகள் ஒட்டுகின்றன. அதைக் கட்டிலுக்கடியில் சார்ஜில் போட்டுவிட்டேன். இன்று புதியதை இணைக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

09:40
மின்சாரம் போய் வந்தது. காற்று இயந்திரம் நின்றுவிட்டது. கட்டளை போனால்தான் ஓடும். இணைக்கப் போனால், ‘வேறு கணினியுடன் இணைப்பில் உள்ளது’ என்கிறது திரை. ஏழு முறை பார்த்துவிட்டேன்.
இங்கே என்னைத் தவிர ஞானசிகாமணி மட்டும்தான். முந்தாநாள் சண்டையில், இயந்திரத்தை இனித் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னவன். வேறு யார்?

10:30
இரண்டாம் அறையில் இருக்கிறான். கதவை என் பக்கம் தாழிட்டேன். இணைப்பை விடச் சொன்னேன். ஒலிபெருக்கியில் பதில்: “அக்கா, என் கம்ப்யூட்டர அணச்சு ரெண்டு நாளாச்சு. கதவத் தொறந்து நீங்களே பாருங்க.”
திறந்தால் என் மேல் பாய்வான். பசப்பு வார்த்தைக்கு மயங்க நான் ஆளில்லை.

12:15
அவன் அறைச் சுவர் கசியும். இங்கிருந்து காற்றுப் போகாவிட்டால் நாலு மணி நேரம்கூடத் தாங்காது. அந்தக் காற்றுக் குழாயை மூடும் சக்கரம் என் கையில். பாதி மூடினேன்.
“நானும் இந்தக் காத்தத்தான சுவாசிக்கேன். உங்களக் கொன்னுட்டு நான் எங்க போவேன்?”
கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

13:00
ஆக்சிஜன் 17.8 சதவீதம். 21 இருக்க வேண்டும். தலை கனக்கிறது. இணைப்பை விடவில்லை, பாவி. சக்கரத்தை முழுதும் மூடினேன். சுவரைத் தட்டுகிறான். தட்டட்டும்.

16:50
தட்டல் நின்று ஒரு மணி நேரமாகிறது. ‘வேறு கணினியுடன் இணைப்பில் உள்ளது.’ செத்தும் கழுத்தை அறுக்கிறான்.

17:20
நிற்க முடியவில்லை. தரையில் படுத்தேன். கட்டிலுக்கடியில் நீல விளக்கு.
என் பழைய கணினி. அதிலிருந்து ‘காற்று-1’ஐ நான் நீக்கவே இல்லை. மின்சாரம் வந்ததும் அதுவே முந்திக்கொண்டிருக்கிறது. திரையில்: ‘காற்று-1, இணைப்பில் உள்ளது, 09:38 முதல்.’
அணைத்தேன்.

17:24
புதியது முதல் தடவையிலேயே இணைந்தது. இயந்திரம் ஓடுகிறது. சக்கரத்தைத் திறந்தேன். முழுதும் திறந்தேன். பேசு என்றேன். திட்டு என்றேன். பலகையிலிருந்து நிமிடத்துக்கு இரண்டு வரி வருகிறது.

அறை 1: மூச்சு உண்டு.
அறை 2: மூச்சு இல்லை.

18:40
கதவைத் திறக்கவில்லை. இதைக் கண்டெடுப்பவர் திறந்து பாருங்கள். அவன் கணினி அணைந்துதான் இருக்கும்.

அறை 1: மூச்சு உண்டு.
அறை 2: