பத்து மீட்டர் கோடு

காத்மாண்டு

சுஜனின் அம்மாவுக்கு,

இங்கே முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைப் பத்து மீட்டர் கோட்டில் நடக்கவிட்டு நேரம் பார்க்கிறார்கள். நேற்று நான் ஊன்றுகோல் இல்லாமலே நடந்து முடித்தேன்.

இன்று அண்ணன் வந்து கோட்டின் முடிவில் நின்றான். வேண்டுமென்றே காலை இழுத்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நிலத்தைப் பிரிக்கக் கேட்ட மறுநாள் தழை வெட்ட மரமேறி விழுந்தேனே, அன்று கீழே என் கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன்தான். இனி நான் நடக்க மாட்டேன் என்று அவன் நினைத்தால் நம்மை விட்டுவிடுவான் என்று பார்த்தேன்.

தோளைத் தட்டிக்கொடுத்தான். "கவலைப்படாதே தம்பி. தசைன் பண்டிகைக்குள்ள சுஜனை மரமேறப் பழக்கிடறேன். கயிறை நானே பிடிச்சுக்கறேன்."

மத்தியான பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிவிட்டான். இதை ஜீப்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், பஸ்ஸை முந்திவிடலாம் என்கிறார். படித்ததும் பையனோடு உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு.

நாளைக்கு நான் நம் மேட்டில் ஏறி வருவதை அவன் பார்க்கட்டும்.

உன் வீட்டுக்காரன்