மெத்தைக்கடையின் பின்னறை

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், பாதி நலம் என்று வைத்துக்கொள். என் முழங்கால் மழை வருவதை எனக்கு முன்பே சொல்லிவிடுகிறது, அக்காவின் சின்னவளுக்கு முன்பல் விழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, மற்றபடி குறையில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது, போன மாதம் இருந்த இருமல் விட்டதா. இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் ஒரு விஷயத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே "சரியா கேக்கலைம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். மற்ற பேச்செல்லாம் நன்றாகக் கேட்கிற போனுக்கு அது மட்டும் எப்படிக் கேட்காமல் போகிறது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபட்டதை எழுத விருப்பமில்லை. அதனால்தான் கடிதம். இதை மாப்பிள்ளை கையில் கொடுத்தால் உன்னிடம் வந்து சேருமா என்பதும் சந்தேகம்தான், மருந்துக்கடைப் பெண் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். முழுவதும் படி. நீ சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு மனிதன் மறுபடி ஜெயிலுக்குப் போகப் போகிறான். வியாழக்கிழமைக்குள் அதைத் தடுக்க உன்னால்தான் முடியும்.

உனக்கு யார் யார் என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ தெரியாது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். ஜெயிலுக்கு நாம் மெத்தை தைத்துக் கொடுக்கிறோம் அல்லவா, இந்தத் தடவை ஆர்டர் சொல்ல வந்தவர் அகலத்தில் ஒரு சாண் குறைக்கச் சொன்னார். ஏன், உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் இளைத்துவிட்டார்களா என்று கேட்டேன். "ஆளு கூடிப்போச்சும்மா, ஒருத்தன் புரண்டா வரிசையே புரளுது, பாதிப் பேரு தூங்குறப்ப பாதிப் பேரு உக்காந்திருக்கான்" என்றார். இடம் இல்லாததால் சின்னக் குற்றத்துக்கு உள்ளே போனவர்களைத் தண்டனை முடியும் முன்பே நிபந்தனை போட்டு வெளியே அனுப்புகிறார்களாம். ஸ்டேஷனிலும் அதே கதைதான், லாக்கப் பிதுங்கி வழிகிறது, அதனால் புதிதாக யாரையும் பிடிக்க அவர்களுக்கு மனமில்லை. நம் தெருவில் தண்ணீர் மோட்டார் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது புகார் கொடுக்கப் போனவள் நான்தான். எழுத்தர் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை. "பிடிச்சா எங்கம்மா வைக்கிறது, உங்க கடையிலதான் மெத்தை கிடக்குதே, நீங்களே வெச்சுக்குங்க" என்று சிரித்தார். நான் அதை விளையாட்டு என்று நினைத்து வந்துவிட்டேன், கூட வந்த டயர்க்கடைக்காரர் அப்படி நினைக்கவில்லை.

அவர்தான் இப்போது தெருக்காரர்கள் சேர்த்த காவல் குழுவுக்குத் தலைவர். ஆளுக்கொரு விசில், ஆளுக்கொரு தடி, மாப்பிள்ளை கழுத்திலும் ஒரு விசில் தொங்குகிறது, சின்னவள் அதை எடுத்து ஊதினால் மட்டும் கோபம் வருகிறது. பிடிக்கிற ஆளைப் போலீஸ் வரும்வரை வைத்திருக்க நம் பின்னறையைக் கேட்டார்கள், நான் முடியாது என்றேன். எனக்கு அந்த டயர்க்கடைக்காரர் மேலேயே நம்பிக்கையில்லை, எல்லார் வீட்டு மோட்டாரையும் தூக்கிய திருடன் அவர் கடையில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. இதைச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வருகிறது, "உனக்கு உன் நிழலைப் பார்த்தாலும் சந்தேகம்மா" என்கிறாள். இருக்கட்டும். நான் சந்தேகப்பட்டால் நாலு கேள்வி கேட்பேன், யாரையும் அறைக்குள் தள்ளிப் பூட்ட மாட்டேன்.

நான் முதலில் சொன்ன அந்த ஆள், நெட்டையானவன், பஞ்சு லாரியோடு மூட்டை இறக்க வந்தான். அவனையும் நான் நம்பவில்லை, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். தைத்து அடுக்கியிருந்த மெத்தையை ஒரு தடவை கையால் அழுத்திப் பார்த்தான். என்ன பார்க்கிறாய் என்று அதட்டினேன். "இது உங்க தையலாம்மா, இதுலதான் படுத்திருந்தேன், மூணு பேருக்கு ரெண்டு" என்றான். எதற்காக உள்ளே போனாய் என்று கேட்டேன், திருட்டு வயரை வாங்கிப் பழைய இரும்புக் கடையில் விற்றதற்காக என்றான். அதையும் பாதிதான் நம்பினேன். ஆனால் வெளியே மழை கொட்டுகிறது, அவன் மெல்லிய பனியனோடு நடுங்குகிறான், தன் முதுகு நனைந்தாலும் ஒரு மூட்டையை நனையவிடவில்லை. மாப்பிள்ளை வெளியே போயிருந்தார், அக்கா மாடியில் இருந்தாள். உன் அலமாரியைத் திறந்து அந்தப் பச்சை ஸ்வெட்டரை எடுத்தேன், முழங்கை கிழிந்தபோது பச்சை நூல் தீர்ந்துபோய்ச் சிவப்பு நூலில் ஒட்டுப் போட்டேனே, பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று நீ போடாமலே வைத்தாயே, அதுதான். என் கையால்தான் அவனுக்குக் கொடுத்தேன். அடுத்த லாரி வரும் நாளில் பின்வாசலில் வந்து நில் என்று சொன்னவளும் நான்தான்.

அதன் பிறகு உன் பெரியம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாகப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பின்னறையில் நான் வாங்காத ஒரு பூட்டு. அக்காவைக் கேட்டேன், எலித் தொல்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே யாரோ இருமுகிற சத்தம். எலி இருமுமாடி என்று கேட்டேன். மூடியைப் போட்டு மறைத்து ஒரு தட்டை அவள் கொண்டுபோவதையும் பார்த்தேன், தட்டு வைத்து எலியை வளர்க்கிற வீடு எங்கே இருக்கிறது. சாவி கேட்டால் மாப்பிள்ளை டயர்க்கடைக்காரரைக் காட்டுகிறார், அவர் மாப்பிள்ளையைக் காட்டுகிறார். பஞ்சு மூட்டையை நெம்புகிற கம்பியால் நானே பூட்டை உடைத்தேன்.

உள்ளே அந்த ஆள் இருந்தான். உதடு கிழிந்து ஒரு கை வீங்கியிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே அடைத்தார்களாம். தம்பி, அந்த அறையில் கூரை முட்ட மெத்தை அடுக்கியிருக்கிறது, அவன் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "தொட்டா அதையும் திருடுனேன்னு சொல்லுவாங்கம்மா" என்றான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

யார் சொல்லி இவனைப் பிடித்தீர்கள் என்று மாப்பிள்ளையை நிற்க வைத்துக் கேட்டேன். "மச்சான்தான் அத்தை, அவன் மாட்டச் சொன்ன பின்வாசல் கேமராவுல அங்கிருந்தே பார்த்துட்டு போன் பண்ணினான், என் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் பின்வாசல்ல நோட்டம் பாக்குறான், வீட்டுக்குள்ள புகுந்து எடுத்திருக்கான், விடாதீங்கன்னான்" என்றார். அந்த ஆள் அம்மாதான் கொடுத்தாங்க என்று கத்தியிருக்கிறான். ஊரில் இல்லாத என்னை ஒரு போன் போட்டுக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அத்தையை ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டார்களாம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்வார்கள். கடல் தாண்டி உட்கார்ந்து பார்த்தால் மட்டும் அது மாறிவிடுமா. நீ பார்த்தது ஸ்வெட்டரைத்தான், அதற்குள் இருந்த ஆளை இல்லை.

நான் கதவைத் திறந்துவிட்டதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் இன்ஸ்பெக்டரே ஜீப்பில் வந்து அவனைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். மோட்டாருக்கு எட்டிப் பார்க்காதவர் இதற்கு மட்டும் எப்படி வந்தார் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. டயர்க்கடைக்காரர் உன் பேரைப் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறார். ஜெயிலில்தான் இடமில்லையே என்று கேட்டேன். "புது ஆளுன்னாத்தான்மா தலைவலி, இவன் நிபந்தனையில வெளிய வந்தவன், ஒரு புகார் போதும், திரும்ப அனுப்பிடலாம்" என்றார். விஷயம் அவ்வளவுதான். திருடனைத் தேடிப் பிடிக்க ஆளும் இல்லை இடமும் இல்லை, ஏற்கெனவே ஒரு தடவை உள்ளே போனவன் கையில் கிடைத்தான், நம் தெருவில் போன மோட்டார் அத்தனையையும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் மோட்டார் போனபோது அவன் ஜெயிலில் அல்லவா இருந்தான், உள்ளே இருந்தபடி எப்படித் தூக்கினான் என்று கேட்டேன். இப்போது தெருவில் எல்லோரும் நிம்மதியாகக் கதவைச் சாத்துகிறார்கள், உண்மையான திருடன் அவர்களைவிட நிம்மதியாக இருப்பான். நேற்றுக்கூட ஒரு மோட்டார் போயிருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஸ்வெட்டரை நான் கொடுத்தேன் என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டேன். "அவனுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்றீங்க, வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கும்மா இது, பார்த்தவரே போன் பண்ணி நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னா அப்ப யோசிக்கலாம்" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது லாக்கப்பைப் பார்த்தேன். உட்காரக்கூட முறை வைத்திருக்கிறார்கள், அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். ஸ்வெட்டரைச் சாட்சிப் பொருள் என்று கழற்றி வாங்கி வைத்துவிட்டார்கள், மறுபடி பனியனோடு இருக்கிறான். வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள்.

நீ அவசரத்தில் சொல்லியிருப்பாய், கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அறையைத் திறந்த அன்றே அக்கா உனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று இப்போது தெரியவந்திருக்கிறது. தெரிந்த பிறகும் நீ வாயைத் திறக்கவில்லை. டயர்க்கடைக்காரர் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று பார்க்கிறாயா, வேலைக்கு ஏதாவது சிக்கல் வரும் என்று பயப்படுகிறாயா, இல்லை, ஜெயிலுக்குப் போய் வந்தவன்தானே, போனால் போகிறான் என்று விட்டுவிட்டாயா. உலகத்தையே சந்தேகப்பட்டிருக்கிறேன், உன்னைச் சந்தேகப்பட்டதில்லை. இப்போது சந்தேகப்படுகிறேன். எனக்கு வலிக்கிறது.

வியாழக்கிழமை நானும் அங்கே போய் நிற்பேன். அதற்குள் நீ பேசியிருந்தால், என் பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டான் ஐயா என்பேன். பேசாமல் இருந்தால், என் பிள்ளை தெரிந்தேதான் சொல்கிறான் ஐயா என்பேன். இரண்டில் எதைச் சொல்ல வேண்டும் என்று நீயே முடிவு செய்.

வேளைக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. ஸ்டேஷன் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், காலையில் கூப்பிட்டால்தான் இன்ஸ்பெக்டர் இருப்பார். எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

உன்னைப் பெற்ற
அம்மா