மதகுக் கல்

பனங்குடி,
3.12.1989

அன்பு மகள் ஜெயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா நட்டுவிட்டுப் போன முருங்கையும் நிற்கிறோம், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நர்ஸைப் பெற்றவனுக்கு வரும் கடிதம் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது. பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன். கருவாட்டை நிறுத்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை, வாரத்துக்கு ஒரு நாள் என்று எழுதினால் பொய்யில்லாமல் இருக்கும். ஒருத்தனுக்கு உலை வைக்கச் சலிப்பாக இருக்கிறது, ஒரு நாள் வடித்ததை அடுத்த நாளும் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொள்கிறேன், அதற்குத் திட்டாதே. நீ சொன்னபடி தினமும் காலையில் வாய்க்கால் கரையில் மதகைத் தாண்டி நடந்துவிட்டு வருகிறேன். சம்பா கதிர் வாங்கி நிற்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறது.

நடந்தால் மட்டும் போதாது, நாலு பேரோடு பேச வேண்டும், யாரோடு பேசுகிறீர்கள் என்று மூன்று கடிதமாகக் கேட்கிறாய். சங்கத்து ஆட்களோடு என்று எழுதியிருந்தேன். அது பொய். என்னோடு கொடி பிடித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் மகன்களோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். உன் அம்மா போய் நாலு வருஷத்தில், இந்தக் கடைசி இரண்டு வருஷம் நான் நாள் தவறாமல் முகம் பார்த்த ஒரே ஆள் ரெங்கசாமிதான். ஆமாம், நம் குடிசையைப் பிரித்துப் போட ஆள் அனுப்பினாரே, அதே மிராசுதார். கூலி நெல் கூடுதலாகக் கேட்டு நாங்கள் அறுப்பை நிறுத்தினோம், அவர் வெளியூர் ஆட்களை இறக்கினார், அடிதடி, கேஸ், நான் பதினோரு நாள் ஜெயில். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். பிறகு சட்டம் வந்து மனைப்பட்டா நம் கைக்கு வந்தது. அன்றிலிருந்து பதினெட்டு வருஷமாக அவருக்கும் எனக்கும் பேச்சில்லை.

அவரையும் டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் போல. நான் கிழக்கே போகும்போது அவர் மேற்கே வருவார், மதகில்தான் நேருக்கு நேர். அதன் மேல் ஒரு ஆள்தான் போக முடியும். அந்தக் காலத்தில் அவர் வருகிறார் என்றால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கி வழி விட்டவன் நான். சண்டைக்குப் பிறகு யாருக்கும் இறங்குவதில்லை என்று முடிவு. முதல் நாள் இரண்டு பேரும் நின்றோம், வெயில் ஏறும்வரை நின்றோம், கடைசியில் இரண்டு கிழங்களும் வந்த வழியே திரும்பியதுதான் மிச்சம். மறுநாள் அவர் மதகின் ஓரக் கல் மேல் ஒதுங்கி நின்றார். அதற்கு மறுநாள் எனக்கே தெரியாமல் நான் ஒதுங்கினேன். அன்று முதல் ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். ஒரு வார்த்தை கிடையாது, ஒரு கனைப்பு மட்டும். இரண்டு வருஷமாக இந்த முறை தவறியதில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அவர் ஒதுங்க வேண்டிய நாள், ஆளைக் காணோம். மறுநாளும் இல்லை. ஒதுங்க மனசில்லாமல் வேறு வழி பிடித்துவிட்டார், பழைய திமிர் போகவில்லை என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஜெயித்தவன் மாதிரி நடுக்கரையில் கையை வீசிக்கொண்டு ஐந்து நாள் நடந்தேன். ஆறாம் நாள் மதகில் நின்று கனைத்துப் பார்த்தேன். எதிரே ஒருவரும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

பிறகு சைக்கிள் கடை கலந்தரிடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம், மகன் கார் கொண்டுவந்து கோயம்புத்தூருக்கே அழைத்துப் போய்விட்டானாம். இரண்டு தெரு தள்ளி மனிதர் வலியில் கிடந்திருக்கிறார், நான் கையை வீசி நடந்திருக்கிறேன். கலந்தர் இன்னொன்றும் சொன்னார். போகும்போது காரைக் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, படுத்தபடியே ரெங்கசாமி சொன்னாராம், "மதகுல வடபக்கத்துக் கல்லு ஆடுது கலந்தரு. இராஜாங்கம் அந்தப் பக்கந்தான் ஒதுங்குவாரு. பாத்து நிக்கச் சொல்லு."

உன் அம்மா போனபோதுகூட ஊர் முன்னால் அடக்கிக்கொண்டேன் ஜெயா. கலந்தர் கடையில் முடியவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கடப்பாரையும் கொஞ்சம் சிமெண்டும் எடுத்துப்போய் அந்தக் கல்லை நிமிர்த்தி வைத்தேன். எழுபது வயசில் கடப்பாரையா என்று கத்தாதே, கலந்தர் கை கொடுத்தார். கோயம்புத்தூர் விலாசத்தையும் அவரே விசாரித்து வாங்கித் தந்தார். இன்லேண்ட் லெட்டரை வைத்துக்கொண்டு முதல் வரியிலேயே மூன்று நாள் நின்றேன். ஐயா என்று எழுத இந்தக் கை வராது. வெறும் பெயரை எழுதவும் மனசு கேட்கவில்லை. நண்பர் என்று எழுதலாமென்றால் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசியில் முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு, கல்லை நிறுத்தியாயிற்று, இப்போது ஆடவில்லை, முறைப்படி உங்கள் நாள்தான், பரவாயில்லை, நான் ஒதுங்கிக்கொள்கிறேன், வாருங்கள் என்று எழுதி நேற்றுப் போட்டுவிட்டேன். கீழே பெயரும் எழுதவில்லை. அவருக்குத் தெரியும்.

பொங்கலுக்கு வந்து என்னைக் கூட்டிப்போகிறேன் என்கிறாய். நீ வா, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நான் கிளம்புவதைப் பிறகு பேசலாம், அவர் பதில் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாது. நீயும் அடுத்த வீட்டாரோடு நின்று நாலு வார்த்தை பேசு, ஆஸ்பத்திரியில் ஓடுவதெல்லாம் பேச்சில் சேராது. நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று உன் அம்மா படத்தின் முன் நின்று வாழ்த்துகிறேன்.

ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. எழுபத்து மூன்று வயசில் இடுப்பெலும்பு முறிந்தவர் மறுபடி நடப்பாரா? மகளாக ஆறுதல் எழுதாதே, நர்ஸாக எழுது.

இப்படிக்கு,
தினமும் மதகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரும்
உன் அப்பா
இராஜாங்கம்