இடது கைச் சடை

பியாச்சென்சா
6 மே 2018

எர்சீலியாவுக்கு,

ஆண்ட்ரியா டோரியா கப்பல் மூழ்கிய வருடம் அது. பிப்ரவரிப் பனியில் திராட்சைக் கொடிகள் கருகின. ஜூலையில் கப்பல் போயிற்று. ஆகஸ்டில் பெல்ஜியத்துச் சுரங்கத் தீயில் நம் ஆட்கள் கூட்டமாக மாண்டார்கள். அதற்கு அடுத்த வாரம், மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று, டீர்ச்சேயை முதன்முதலாக நம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் தேதியை இப்படித்தான் கட்டி வைக்க முடியும். கட்டி வைத்தது இன்றுவரை அவிழவில்லை.

நானும் அப்பாவும் தொழுவத்தில் இருந்தோம். பசு கன்று போட்டுக்கொண்டிருந்தது. அம்மா டீர்ச்சேயை மாவுப் பலகை முன்னால் நிறுத்தி, தோர்தெல்லி பண்ணச் சொன்னாள். மருமகளாக வருகிறவளுக்கு நம் மலையில் வேறு பரீட்சை கிடையாது. மாவைத் தேய்த்து, ரிக்கோட்டாப் பாலாடையும் கீரையும் வைத்து, பெண்பிள்ளைக்குச் சடை போடுவதுபோல மடித்து மடித்து, நுனியில் வால் விடவேண்டும். டீர்ச்சே இடது கைக்காரி. அவள் போடும் சடை மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். கொஞ்ச நேரத்தில் நீ மூச்சு வாங்க ஓடிவந்தாய். அப்போது உனக்குப் பதினாலு வயது. "அண்ணா, அம்மா அவ பண்ணின தட்டைத் தூக்கிக் கோழிக்குக் கொட்டிட்டாங்க! இடது கையால முறுக்கினது மனுஷங்க தின்ன இல்லையாம், அனாதை மடத்துப் பொண்ணு புத்தி அப்படித்தான் இருக்குமாம்!" என்றாய். நான் டீர்ச்சேயின் கையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினேன். அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

இப்போது வாடகைக் கார் ஓட்டும் கௌதென்சியோ ஒரு படம் கொண்டுவந்து காட்டுகிறான். நம் சமையலறையில் வெளிநாட்டுக்காரக் கூட்டம், நடுவில் நீ. எல்லார் கையிலும் தோர்தெல்லி, எல்லாச் சடையும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. "இது எங்கம்மாவின் ரகசியச் சடை" என்று சொல்லிக் கொடுக்கிறாயாம்! எவள் கோழிக்குக் கொட்டினாளோ அவள் பெயரிலா?

(இந்த இடத்தில் இவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னதை நான் எழுதவில்லை. — டீர்ச்சே)

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் சமையலறையில், அந்த ஆட்கள் முன்னால், இது டீர்ச்சேயின் சடை என்று நீ சொல்ல வேண்டும். அவள் உயிரோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்
ஒலிந்தோ
(எழுதியது நான், டீர்ச்சே; குறி போட்டது அவர்)


போஜ்ஜோலோ
19 மே 2018

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் நலம் விசாரிப்பாய் என்று தேடிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. போகட்டும். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. செர்ரி இந்த வருடம் ஆலங்கட்டி மழையில் போய்விட்டது. உன் காது எப்படி? தொலைபேசியில் பேசினால் உனக்குக் கேட்காது, நேரில் வரமாட்டாய். கடிதம் ஒன்றுதான் நமக்கு மிச்சம். அதையும் சண்டைக்கே செலவழிக்கிறாயே.

அண்ணா, இந்த வகுப்பு என் யோசனை இல்லை. மருமகள் மில்வா ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய வீட்டில் நாள் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் சமையலறை நிறைய ஆட்கள், சிரிப்பு. யாரோ முகம் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு மாவு மட்டும் போதாது, ஒரு கதையும் வேண்டும். "உங்க அம்மா சொல்லிக் கொடுத்ததா?" என்று அவர்களே கேட்கிறார்கள். ஆமாம் என்று சொன்னால் கண் கலங்குகிறார்கள். நான் என்ன, கோழிக் கதையையா சொல்ல முடியும்?

அது நடந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, அம்மா போயே முப்பத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. டீர்ச்சே அண்ணி இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவர் இல்லை, எனக்குத் தெரியும். உனக்குத்தான் ஆறவில்லை. என்றைக்காவது வந்து பார், அண்ணா. கதவு திறந்துதான் இருக்கிறது.

பாசத்துடன்
எர்சீலியா


பியாச்சென்சா
27 மே 2018

எர்சீலியாவுக்கு,

முழங்காலுக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடு. நலம் விசாரித்தாயிற்று.

"மனதில் வைத்துக்கொள்கிறவர் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். இதை டீர்ச்சே எனக்கு வாசித்துக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். மடத்தில் கன்னியாஸ்திரிகள் இடது கையை நாற்காலியோடு கட்டிவைத்து வலது கையால் எழுதப் பழக்கினார்கள். அதனால்தான் இந்தக் கடிதங்கள் வலது கை எழுத்து. எழுத்தை மாற்றினார்கள், சடையை மாற்ற அவர்களாலும் முடியவில்லை. அவளுக்கு அப்பா பெயர் கிடையாது, ஊர் கிடையாது. தன்னுடையது என்று உலகத்தில் அவளிடம் இருந்தது அந்த விரல் மடிப்பு ஒன்றுதான். அதையும் நீ எடுத்து அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாய்.

அந்த அம்மா, எர்சீலியா, மண்ணுக்குள்ளும் அவள்

(இல்லை. இதை எழுத மாட்டேன். ஒவ்வொரு தடவையும் இதே சண்டை. — டீர்ச்சே)

சரி, விடு. கதவு திறந்திருக்கிறது என்றாய். வருகிறோம். சொந்தக்காரர் மாதிரி வரமாட்டோம், அந்த மரியாதை எங்களுக்கு வேண்டாம். முடிதிருத்தும் ஃபெர்மோவின் பெயரில் இரண்டு இடம் பிடித்தாயிற்று. வெளிநாட்டுக்காரர்களோடு வரிசையில் நின்று நாங்களும் படிக்கிறோம். என்ன சொல்லிக் கொடுக்கிறாய் என்று பார்க்கிறோம்.

ஒலிந்தோ
(குறி)


பியாச்சென்சா
11 ஜூன் 2018

எர்சீலியாவுக்கு,

இதை எழுதுவது ஃபெர்மோ. டீர்ச்சே எழுத மாட்டேன் என்று பேனாவை மேசையில் போட்டுவிட்டாள். நேற்று நடந்ததை நடந்தபடியே சொல்லிவைக்கிறேன். நீ வேறு கதை கட்டுவதற்கு முன்னால் இது கைக்கு வந்து சேரட்டும்.

எங்களைப் பார்த்ததும் உன் முகம் மாவாக வெளுத்தது. ஆனால் விருந்தாளிகள் முன்னால் என்ன செய்ய முடியும், நீயே என் இடுப்பில் ஏப்ரனைக் கட்டினாய். முடிச்சை எவ்வளவு இறுக்கினாய் என்பது எனக்குத்தான் தெரியும். "எங்கம்மா சடை இது. இந்த மலையில வேற எந்த வீட்டிலயும் கிடையாது" என்று ஆரம்பித்தாய். மில்வா அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். அந்த டச்சுக்காரன் பண்ணியது சடையாகவா இருந்தது, கிழிந்த பூட்ஸ் மாதிரி இருந்தது. நீ அதை எடுத்து, முழங்கையிலிருந்து ஒரு வீச்சு வீசி வாளிக்குள் போட்டு, "இது கோழிக்கு!" என்றாய். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். தினமும் செய்கிற வேடிக்கை என்று தெரிந்தது.

டீர்ச்சே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்வா அவள் பலகையைப் பார்த்துவிட்டு, "அத்தை, இங்க வாங்க! இந்தப் பாட்டி உங்களைவிட நல்லாப் போடுறாங்க!" என்றாள்.

"கைப்பழக்கம் இருக்கு போல" என்றாய் நீ.

நான் கேட்டேன்: "அம்மா சடைங்கறியே, அம்மா வலது கைக்காரிதானே? எப்படி இது எதிர்ப்பக்கம் போகுது?"

மில்வா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "பெரியவருக்கு வயசாயிடுச்சு, ஒயின் ஊத்துங்க" என்றாய்.

அப்போதுதான் டீர்ச்சே கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சத்தம் போடவில்லை. "விடு எர்சீலியா. கோழிக்குன்னு அன்னைக்கும் இப்படித்தான் சொன்னே. கையைக்கூட இதே மாதிரிதான் வீசினே" என்றாள்.

டச்சுக்காரன் மனைவி, "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க?" என்று மில்வாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடுப்பில் தண்ணீர் பொங்கியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும்போது பேருந்தில் டீர்ச்சேயிடம் எல்லாம் கேட்டேன். கேட்டுக் கேட்டு வாங்கினேன். அவள் மடிப்பதையே நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயாம். அம்மா தட்டைப் பார்த்துவிட்டு உன்னிடம், "பாத்தியா, விரலை! நீ பண்றது தண்ணியில போட்டதும் வாயைப் பொளக்குதே, இவகிட்டக் கத்துக்கோ" என்றாளாம். நீ தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினாய். அன்று திருநாளுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்த பாதிரியார் மாமா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா உன்னைத் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நீ நேரே தொழுவத்துக்கு ஓடிவந்து, கொட்டியது அம்மா என்று என்னிடம் சொன்னாய்.

"ஏண்டி இத்தனை காலம் சொல்லலை?" என்று கத்தினேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

"உங்கம்மா கொட்டலைன்னாலும் பாத்துக்கிட்டுத்தானே நின்னாங்க? அவங்களுக்காக நான் ஏன் வாதாடணும்? அப்புறம், அம்மாவைத்தான் தொலைச்சீங்க. தங்கச்சியாவது மிஞ்சட்டும்னு நினைச்சேன்."

எர்சீலியா, நாம் கால்பந்து உலகக் கோப்பை ஜெயித்த வாரம் அம்மாவைப் புதைத்தார்கள். ஊர் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு வண்டிகள் போயின. நான் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் நின்றேன். உள்ளே வரவில்லை. நீ வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "அம்மா பண்ணினதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன்" என்றாய். நீ சொன்னாய்! உன் வாயால் சொன்னாய்! அம்மா பேசாமல் நின்றவள் மட்டும்தான் என்று தெரிந்திருந்தால், அவளிடம் நான் சண்டை போட்டிருப்பேன், ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்து நின்றிருப்பேன். அவள் கையால் ஒருவேளை சாப்பிட்டிருப்பேன்.

ஃபெர்மோ, இதற்கு மேல் எழுதாதே.

ஒலிந்தோ
(குறி)


போஜ்ஜோலோ
14 அக்டோபர் 2018

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோடை முழுக்க எழுத உட்கார்ந்து எழுந்தேன். எனக்கு அப்போது பதினாலு வயது, அண்ணா. பதினாலு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு தெரியும்? நீ அப்படியே கிளம்பிப் போய்விடுவாய் என்று யார் கண்டார்கள்? போனவன் திரும்பி வந்து அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அம்மாவும் வீம்பு, நீயும் வீம்பு. நடுவில் நான் ஒருத்தி.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். மில்வா வாசலில் புதுப் பலகை மாட்டியிருக்கிறாள்: "டீர்ச்சேயின் சடை". வருகிறவர்களுக்கு இப்போது அண்ணியின் கதையைத்தான் சொல்கிறேன். மடத்தில் வளர்ந்த பெண், இடது கை, எல்லாம். முன்பைவிட அதிகமாக அழுகிறார்கள். அண்ணியின் படம் ஒன்று இருந்தால் அனுப்பு, பலகைக்குப் பக்கத்தில் மாட்டலாம்.

மரித்த ஆத்துமாக்கள் திருநாளுக்கு அண்ணியோடு வா. சேர்ந்து அம்மா கல்லறைக்குப் போய்விட்டு வருவோம். மத்தியானம் நானே சமைக்கிறேன்.

உன் தங்கை
எர்சீலியா


பியாச்சென்சா
26 அக்டோபர் 2018

எர்சீலியாவுக்கு,

இதுவும் ஃபெர்மோவின் கை. உன் கடிதம் வந்தபோது வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடக்கத்துக்குப் போனேன். மறுநாள்தான் ஃபெர்மோ வாசித்தான்.

டீர்ச்சே செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். கீரை கழுவிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றாள். குழாயை நான்தான் போய் மூடினேன். அவள் பெயர் வாசலில் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாளா என்று கேட்காதே. அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பலகையைக் கழற்று. நான்தான் கேட்டேன், நானே வேண்டாம் என்கிறேன். பெயரைச் சொல்லு என்றேன், அவளை வைத்து ஆட்களை அழ வைக்கச் சொல்லவில்லை. கோழிக்குக் கொட்டியது யார் என்று அந்தக் கதையில் வருகிறதா? மில்வாவிடம் ஃபெர்மோ தொலைபேசியில் கேட்டான். இப்போதும் அம்மாதான் கொட்டுகிறாளாம். படம் அனுப்ப மாட்டேன்.

அம்மாவின் கல்லறைக்கு நான் போகிறேன். தனியாகப் போகிறேன். திருநாளுக்கு முந்தின நாள் காலையில் வருவேன். அன்றைக்கு நீ அந்தப் பக்கம் வராதே. அவளிடம் பேச எனக்கு நிறைய இருக்கிறது. கோபமும் இருக்கிறது, வேறும் இருக்கிறது.

பதினாலு வயது என்கிறாய். அம்மாவைப் புதைத்தபோது உனக்குப் பதினாலு வயதா? போன மாதம் விருந்தாளிகளுக்கு அந்தக் கதையைச் சொன்னபோது பதினாலு வயதா?

இனி எழுதாதே. கடிதம் வந்தால் பிரிக்கச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் அன்றைக்குத் தொழுவத்தில் இருந்தவன், என் கண்ணால் ஒன்றும் பார்க்கவில்லை. நான் சொல்வதெல்லாம் கேட்டதுதான். நாளைக்கு யாராவது என்னைக் கிழவன் உளறுகிறான் என்றால் நான் என்ன செய்ய முடியும்? சமையலறையில் இருந்து பார்த்தவர்கள்தான் சாட்சி. பாதிரியார் மாமா மூன்று போப்பாண்டவர்களைக் கண்ட அந்த வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அம்மா ஹாரன் சத்தத்துக்கு நடுவில் போனாள். டீர்ச்சே செவ்வாய்க்கிழமை போனாள். நடந்ததை நேரில் பார்த்து, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டு, நாளைக் காலையில் அதே மாவுப் பலகை முன்னால் நிற்கப் போகிறவள் ஒருத்திதான் மிச்சம்:

எர்சீலியா.