இடது கை என்று எழுதிய துண்டு

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், அக்கா. இறந்துபோன உங்களிடம் இப்படிக் கெஞ்சுவது விசர்க்கதை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் தன் கனவில் வந்து கதைப்பதாக அம்மா சொல்லுகிறா. அப்படி வந்தால் இதை மட்டும் சொல்லவேண்டாம். நானே சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

இன்று பின்னேரம் அம்மா பிரைமஸ் அடுப்பைப் பற்றவைக்க ஸ்பிரிட் ஊற்றினா. வாசம் அறைக்குள் வந்ததும் நான் படித்துக்கொண்டிருந்த சரித்திரப் புத்தகத்தை மூடிவிட்டேன். காலையில் ஊசி போடமுன் உங்கள் தொடையைத் துடைக்கும் பஞ்சின் வாசம் அது. இன்சுலின் போத்தலைப் புதைத்துவைக்கும் மண்சட்டியில் மணல் காயாமல் பார்ப்பது என் வேலை. ஊசியை அவித்தெடுப்பது அம்மாவின் வேலை. குத்திக்கொள்வது உங்கள் வேலை. “வெள்ளவத்தை நுளம்பு கடிக்கிறது இதைவிட மோசமடி” என்று நான்கு வருடமாக அதே பகிடியை விட்டீர்கள். நானும் நான்கு வருடமாகச் சிரித்தேன்.

கொட்டாஞ்சேனையில் அந்த ஜெபக்கூட்டப் பந்தல் போட்டபோது அப்பா பதுளை ஸ்டேஷனில் வேலையாக இருந்தார். இந்தியாவிலிருந்து வந்த ஊழியக்காரர் நோயாளிகளை ஊரும் நோயும் சொல்லிக் கூப்பிட்டுச் சுகமாக்குகிறாராம் என்று வேதக்கோயில் பெண்கள் சொல்ல, அம்மா எங்கள் இருவரையும் கோட்டை ரெயிலில் ஏற்றிக் கூட்டிப்போனா. பந்தல் வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். நோயாளியின் பெயர், ஊர், நோய் வருத்தம் மூன்றையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதி மரப்பெட்டிக்குள் போடவேண்டும். பெட்டியை யாரும் திறப்பதில்லை, ஐயா அதன்மேல் கைவைத்து ஜெபிப்பார், அவ்வளவுதான் என்றார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க, கையெழுத்து வடிவான பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேண்டுமாம். நீங்கள்தான் என்னை முன்னுக்குத் தள்ளினீர்கள். “இவளின்ர எழுத்தைப் பாருங்கோ, அச்சடிச்ச மாதிரி இருக்கும்.”

அன்று நாற்பது ஐம்பது துண்டுகள் எழுதியிருப்பேன். உங்களுடையதையும் நான்தான் எழுதினேன். கொச்சிக்கடையில் கப்பல் பாரம் இறக்குகிற ஒருவர் மனைவியோடு வந்தார். கையில் துணி சுற்றியிருந்தது.

“கைமேல பெட்டி விழுந்துருச்சு தங்கச்சி. வெரலு மடங்க மாட்டேங்குது.”

“எந்தக் கை?” என்று நான் கேட்கவில்லை. அவர் எனக்கு எதிரே நின்றார். துணி சுற்றிய கை என் இடப்பக்கத்தில் தெரிந்தது. இடது கை என்று எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

பாட்டெல்லாம் முடிந்தபின் ஊழியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். “கொச்சிக்கடையிலிருந்து வந்திருக்கிற ஒரு சகோதரனை ஆண்டவர் எனக்குக் காட்டுறார். துறைமுகத்திலே பாடுபடுகிறவன். இடது கை செத்துப்போச்சு. அந்த இடது கை இப்பவே உயிரடையுது. தூக்கு மகனே.”

அந்த மனிதர் எழும்பினார். முதலில் ஒரு கையைப் பார்த்தார், பிறகு மற்றதைப் பார்த்தார். மனைவி ஏதோ சொன்னாள். அவர் இடது கையைத் தூக்கினார். ஒரு குறையுமில்லாத கை, நேரே மேலே போனது. பந்தல் முழுவதும் அல்லேலூயா. “தூக்கிப்போட்டான் பாருங்கோ” என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மா அழுதா. துணி சுற்றிய வலது கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் செய்த பிழையை ஆண்டவர் எப்படிச் செய்வார்? பெட்டி திறக்கப்பட்டிருக்கிறது என்பது அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை நம்ப முடியாமல் இருக்கும்போதே அடுத்த குரல் வந்தது: வெள்ளவத்தையில் ஒரு மகள், சர்க்கரை வியாதி, தினமும் ஊசி. அம்மா உங்கள் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினா. அவர் உங்கள் தலையில் கைவைத்துச் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். “ஒவ்வொரு தடவை ஊசி போடும்போதும் ஆண்டவரை நம்பலைன்னு நீ சொல்றே மகளே.”

மறுநாள் காலை ஊசி அவிக்கவில்லை. அதற்கு மறுநாள் அம்மா பாயாசம் காய்ச்சினா. நான்கு வருடத்துக்குப் பிறகு நீங்கள் பாயாசம் குடித்ததைப் பார்த்து அம்மா பாடிக்கொண்டே சட்டி கழுவினா. அன்று கூடத்தில் என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்.

“எடி, நீ அந்த மேசையில இருந்தனியெல்லோ. உண்மையா சொல்லு. இது உண்மைதானோ?”

அக்கா, நீங்கள் அம்மாவிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டீர்கள். குசினிக்குள் அம்மா பாடுவது கேட்டது. நான் “ஓம்” என்றேன்.

அதற்குப் பிறகு தாகம், வாந்தி, மூச்சில் கனிந்து அழுகின பழத்தின் வாசம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உங்களுக்கு நினைவில்லை. அப்பா தந்தி கிடைத்து வந்து சேர்ந்தபோது நீங்கள் பெட்டிக்குள் இருந்தீர்கள். பந்தல்காரர்களில் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்து, இந்த வீட்டில் யாரோ ஒருவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடக்கிறா. அந்த ஒருவர் தான்தான் என்று நினைக்கிறா.

நான் ஜெபம் செய்வதை விடவில்லை. நம்முடைய போதகர் உங்களுக்கு முதல் முதல் வருத்தம் வந்தபோது சைக்கிளில் வந்தது நினைவிருக்கிறதா? கட்டிலருகில் முழங்காலில் நின்று ஜெபித்தார். எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, “இண்டைக்கு ஊசி போட்டாச்சோ பிள்ளை?” என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தரிசனமாகத் தெரியவில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். யாரும் பார்க்கவுமில்லை, அல்லேலூயா சொல்லவுமில்லை. இரண்டு பேரும் ஒரே ஆண்டவரைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஒருவர் உங்களைப் பார்த்தார். மற்றவர் சனத்தைப் பார்த்தார். இவ்வளவுதான் என்னால் பிரித்துச் சொல்ல முடிகிறது. பெரியவர்கள் இதைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

இனித்தான் நான் எழுதவந்த விஷயம். அடுப்புப் பற்றினபிறகு அம்மா என்னைக் கூப்பிட்டுத் தன் சட்டைக்குள் என் விரலை வைத்துக் காட்டினா. இடது மார்பில் ஒரு கட்டி, பாக்கு அளவு. திங்கட்கிழமை வார்டில் வந்து படுக்கச் சொல்லி டாக்டர் துண்டு கொடுத்திருக்கிறாராம். அப்பாவுக்கு எழுதவில்லையாம்.

“வெட்டுறதுக்கு நான் போகமாட்டன். ஐயா திரும்ப வந்திருக்கிறார், நாளைக்குக் கூட்டம். இந்த முறை நான் ஒரு துளியும் சந்தேகப்படமாட்டன். நீதான் எனக்கும் எழுதித் தரவேணும், பிள்ளை. உன்ர எழுத்துக்குத்தான் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டவர்.”

வெற்றுத் துண்டு இதோ நான் எழுதுகிற இந்தக் கொப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுதுகிறேன் என்று சொல்லித்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன்.

வலது மார்பு என்று எழுதிவிடலாமோ என்று யோசித்தேன். அவர் வலது என்று கூப்பிடுவார், அம்மாவுக்கே விளங்கிவிடும், நான் வாய் திறக்கத் தேவையில்லை. பிறகு கொச்சிக்கடைக்காரரை நினைத்தேன். தன் கை எது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும்தானே மற்றதைத் தூக்கினார். அம்மாவும் அழுதுகொண்டே வலது பக்கம் சுகம் என்று சாட்சி சொல்லிவிடுவா. கட்டி இடப்பக்கத்தில் வளரும்.

ஆகவே வாயால்தான் சொல்லவேண்டும். அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா அடிப்பா என்ற பயமில்லை. நீங்கள் விசுவாசத்தில் போனீர்கள் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா காலையில் எழும்புகிறா. பெட்டி திறந்திருந்தது என்று நான் சொன்னால், உங்கள் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றியது யார் என்ற கேள்வி அம்மாவிடம் போய் நிற்கும். நானும் “ஓம்” சொன்னேன் என்று கூடவே சொன்னால் அந்தப் பழி இரண்டு பேருக்குமாகப் பிரியுமோ என்று பார்க்கிறேன். அந்த ஒரு சொல்லைத்தான், அக்கா, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். மற்றப் பிள்ளைகள் என்னிடம் எதைக் கேட்டாலும் ஓம் என்று சொல்ல வாய் வருகுதில்லை.

கதவு தட்டுகிறது.

“எழுதி முடிஞ்சுதோ, பிள்ளை?”

இல்லை அம்மா, உள்ளுக்கு வாங்கோ, உங்களிட்டச் சொல்ல ஒரு கதை இருக்கு என்று சொல்லிவிட்டேன். அம்மா கதவைத் திறக்கிறா. வெற்றுத் துண்டை அப்படியே கையில் எடுக்கிறேன்.